அப்பாவின் ஊர்வலமும் ஒரு சிவப்பு விளக்கும்

சிவப்பு மேலே, மஞ்சள் நடுவில், பச்சை கீழே. கிள்ளானில் இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாகனமோட்டும் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். ஓட்டத் தெரியாத ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை ஹேண்ட் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு, வெயிலில் காய்ந்து கிடக்கும் பிழைப்பு இது. கோபமே இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்கிறவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

புதிதாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்பார், ஏன் டீச்சர் சிவப்பு மேலே இருக்கு என்று. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். "முன்னால பெரிய லோரி ஒண்ணு நிக்குதுன்னு வச்சுக்க. உனக்கு லைட்டோட உச்சி மட்டும்தான் தெரியும். அப்ப எந்தக் கலர் உன் கண்ணுல படணும்?" என்று திருப்பிக் கேட்பேன். பச்சை தெரியாமல் போனால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், நாலு கெட்ட வார்த்தை சொல்வான், அதோடு முடிந்தது. சிவப்பு தெரியாமல் போனால் ஆளே முடிந்தான். அதனால்தான் அதற்கு உச்சியில் இடம்.

மஞ்சளுக்கு என் வகுப்பில் தனிப் பாடம் நடக்கும். மஞ்சள் என்றால் நிற்கத் தயாராகு என்று அர்த்தம். கோட்டைத் தாண்டிவிட்டவன் மட்டும் போகலாம். அப்புறம் ஒரு பக்கம் சிவப்பு விழுந்ததும் அடுத்த பக்கத்துக்கு உடனே பச்சை வந்துவிடாது. கொஞ்ச நேரம் எல்லாப் பக்கமும் சிவப்பாகவே இருக்கும். அவசரக் குடுக்கை யாராவது நடுவில் மாட்டியிருந்தால் போய்த் தொலையட்டும் என்று வைத்த நேரம் அது. அந்த நேரத்தில் ரோடு யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிக்கொடுப்பேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள்.

தலையாட்டுவதெல்லாம் லைசன்ஸ் கைக்கு வரும் வரைக்கும்தான். புது ஓட்டுநர் என்று காட்டுகிற பி ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டின மறுநாளே மஞ்சள் என்றால் மிதி என்று ஆகிவிடும். சிவப்பு விழுந்து ஒரு மூச்சு விடும் வரைக்கும் பச்சைதான் என்று இந்த ஊரில் ஒரு தனிச் சட்டம் ஓடுகிறது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்குச் சிவப்பு என்பது எல்லாருக்கும் முன்னால் போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதற்கான நேரம். ஷா ஆலமில் பெரிய பெரிய காரில் வருகிறவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. நான் கற்றுக்கொடுத்த ஒருத்தியே என் முன்னால் சிவப்பில் பறந்துபோய், கண்ணாடி வழியாக எனக்குக் கையும் காட்டியிருக்கிறாள்.

இவர்களைக்கூட நான் திட்டிவிட்டு மறந்துவிடுவேன். என்னால் மன்னிக்கவே முடியாதது எங்கள் ஆட்களின் சாவு ஊர்வலம்.

வீட்டிலிருந்து உடலை வேனில் ஏற்றி மின்சுடலைக்குக் கொண்டுபோகும்போது சொந்தபந்தத்தின் கார்கள் பின்னால் வரிசையாகப் போகும். முன்னால் மோட்டாரில் இளைஞர்கள் கூட்டமாகப் போவார்கள். ஒவ்வொரு விளக்கிலும் அவர்கள் குறுக்கே பாய்ந்து, பச்சை விழுந்து வருகிறவர்களைக் கையைக் காட்டி மறித்துவிடுவார்கள். வரிசை முழுதும் சிவப்பில் கடந்து போகும். காரணம் கேட்டால், பிரேதம் வழியில் நிற்கக்கூடாதாம். நின்றால் அந்த வீட்டிலிருந்து இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகுமாம். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. போக்குவரத்து விளக்கு வந்த பிறகு எழுதிய சாஸ்திரமாகத்தான் இருக்க வேண்டும்.

வரிசையில் போகிற எல்லாக் கார்களும் டபுள் சிக்னல் போட்டிருக்கும். இரண்டு பக்க மஞ்சள் விளக்கும் சேர்ந்து மின்னுவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். வண்டி கெட்டு நின்றால் போடுவதற்காக வைத்தது அது. எங்கள் ஆட்களுக்கு அது சிவப்பை ரத்து செய்யும் மந்திரம். அந்த மஞ்சள் மின்னிக்கொண்டிருந்தால் எதிரில் மனுஷனே வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவார்கள்.

எதிரில் ஒரு நாள் என் மகள் வந்தாள்.

சில வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. அவளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. கிள்ளான் ஸ்டேஷனில் மோட்டாரை நிறுத்திவிட்டு ரயிலில் போய் வருவாள். அன்றைக்கு அரை நாள் வேலை முடிந்து, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். மின்சுடலைக்குப் போகிற பாதையில் ஒரு பெரிய சந்திப்பு இருக்கிறது. அதில் யாரோ ஒருவரின் ஊர்வலம் கடந்துகொண்டிருந்தது. மறித்து நின்ற மோட்டார்க்காரர்கள் அடுத்த விளக்கை மறிக்கப் போய்விட்டார்கள். வரிசையின் வால் மட்டும் இன்னும் வந்து முடியவில்லை. அவளுக்குப் பச்சை விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. அவள் கிளம்பினாள். வாலில் வந்த ஒரு கார் சிவப்பில் வந்து அவளை அடித்துத் தூக்கிப் போட்டது.

அடித்தவன் நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக, அவளையும் கவிழ்ந்து கிடந்த மோட்டாரையும் சுற்றிக்கொண்டு, டபுள் சிக்னல் மின்ன மின்னப் போய்விட்டன. ரோட்டோரத்தில் பிசாங் கோரெங், அதாவது வாழைப்பழப் பஜ்ஜி, பொரித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அக்காவும் அவர் புருஷனும்தான் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார்கள். அடித்தவன் காரியமெல்லாம் முடித்து, வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு, சாயங்காலமாகப் போலீஸ் நிலையத்துக்கு வந்தான். ஓடிப்போகவில்லையாம், ஊர்வலம் நடுவில் நிற்கக்கூடாது என்பதால் போய்விட்டு வந்தானாம். அதை அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

சமாதானம் பேச வந்தவர் என் அண்ணன். கிள்ளானில் அவருக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. கோயில் கமிட்டி, கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் முதல் ஆளாக நிற்பார். அந்தக் குடும்பமும் அவருக்குப் பழக்கம்தான். "செத்த வீடு. மனசு நொந்துபோயிருக்காங்க. கேஸு கீஸுன்னு இழுக்காத" என்றார். என் மகள் ஆஸ்பத்திரியில் காலில் இரும்பு வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், நொந்துபோனது அவர்களாம். நான் கத்தின கத்தலில் நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். கடைசியில் அண்ணன் அப்பாவைப் பேச வைத்தார். "அண்ணன் சொல்றதைக் கேளும்மா" என்றார் அப்பா. அப்பா சொல்லி நான் தட்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தேன். அந்தக் குடும்பம் ஒரு பழக்கூடை அனுப்பியது. அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மகளின் ஒரு கால் இப்போது கொஞ்சம் குட்டை. அவள் அலுவலகம் பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. செங்குத்தான படி. பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறுவாள். மோட்டாரை விற்றுவிட்டோம். அந்த நாளைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். எங்கேயாவது டபுள் சிக்னல் வரிசை ஒன்று கடந்தால் வகுப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கித் திட்டுவேன். பக்கத்தில் இருக்கும் மாணவர் பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டி எங்களை வளர்த்தவர். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில்தான் இருந்தார். என் கணவரும் எப்போதோ போய்விட்டார். அதனால் ஞாயிறு தவறாமல் நானும் மகளும் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போவோம். அண்ணன் முகத்துக்காக அந்த வாசலை நான் மிதித்ததே இல்லை. அப்பாவுக்காக மிதித்தேன்.

உடலை எடுக்கிற அன்று காலை, வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குள் அண்ணன் எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தார்.

"வழியில இருக்கிற லைட்டையெல்லாம் பசங்க போய்ப் பாத்துட்டு வந்துட்டாங்க. ஒரு சந்தி விடாம எல்லாச் சிம்பாங்கையும் அடைச்சிருவாங்க. நீ வேன் பின்னாடியே வந்திரு."

"சிவப்பு விழுந்தா நான் நிப்பேன்" என்றேன்.

"என்ன பேசற நீ? அப்பா போறாரு."

"அப்பாவுக்கு இனிமே என்னண்ணே அவசரம்?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் குரலை இறக்கினார். "வண்டி நடுவுல நின்னா இந்த வீட்டுலேர்ந்து இன்னொரு ஆளைக் கேக்கும். அப்பாவுக்கு அடுத்தது யாரு? யோசிச்சுப் பாத்தியா?"

சொல்லும்போது அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. போன வருஷம்தான் அவருக்கு இதயத்தில் குழாய் வைத்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்பாவுக்கு மரியாதை, ஊர் வழக்கம் என்று அத்தனை பேருக்கும் காது குத்திக்கொண்டிருந்த மனுஷனுக்கு உள்ளே இருந்தது உயிர்ப்பயம். அடுத்த ஆள் தான் என்று முடிவே செய்துவிட்டிருந்தார். எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. உன் உயிர் வெல்லம், என் மகள் கால் செங்கல்லா என்றுதான் தோன்றியது.

"அப்ப என் காரைக் கடைசியில விடுங்க" என்றேன்.

"பெத்த மக காரு பின்னாடி வரலைன்னா ஊரு என்ன பேசும்?"

ஊர் பேசுவதற்குப் பயந்து என்னை வேனுக்கு அடுத்த இடத்தில் நிறுத்தியவர் அவர்தான். அது போதாது என்று, சடங்கு செய்ய வந்திருந்த ஐயாவையும் அவருடைய சாமான்களையும் என் காரில் ஏற்றிவிட்டார். வேனில் இடம் இல்லையாம், நான்தான் பதமாக ஓட்டுவேனாம். முன் சீட்டில் சித்தப்பா ஏறிக்கொண்டார். அப்பாவின் கடைசித் தம்பி. கார் கிளம்புவதற்கு முன்னாலேயே எனக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். மகளால் வெகு நேரம் நிற்க முடியாது என்பதால் மற்ற பெண்களோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

நான் டபுள் சிக்னல் போடவில்லை. "போடும்மா, போடும்மா" என்று சித்தப்பா பொத்தானைத் தேடித் தடவினார். கையைத் தட்டிவிட்டேன். முதல் இரண்டு விளக்கிலும் எங்களுக்குப் பச்சையே விழுந்தது. ஒரு வம்பும் இல்லை. மூன்றாவதுதான் அந்தச் சந்திப்பு.

மோட்டார்க்காரர்கள் முன்னாலேயே போய்க் குறுக்கு ரோட்டை மறித்துவிட்டிருந்தார்கள். வேன் கோட்டை நெருங்கும்போது மஞ்சள் விழுந்தது. வேன் வேகமெடுத்துக் கடந்தது. நான் கோட்டுக்கு வரும்போது சிவப்பு. நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கியரையும் எடுத்துவிட்டேன்.

"ஏய், போ! பசங்கதான் அடைச்சிருக்கானுங்கல்ல!" சித்தப்பா டாஷ்போர்டைத் தட்டினார்.

"சிவப்பு, சித்தப்பா."

"சிவப்புன்னு எனக்குந்தான் தெரியுது. போம்மா!"

பின் சீட்டிலிருந்து ஐயா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "அம்மா, அவங்க முன்னாடி போயிட்டாங்க. நான் இங்கதானே இருக்கேன்" என்றார். பாவம், அவருக்கும் எங்கள் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குப் பின்னால் வரிசை முழுதும் ஹாரன் அடித்தது. சாவுக்கு வந்தவர்களா கல்யாணத்துக்கு வந்தவர்களா என்று தெரியாத அளவுக்கு அடித்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களின் குணம் ஹாரனில் நன்றாகத் தெரியும். பெரிய அத்தை வீட்டுக் கார் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது.

மறித்து நின்றவர்களில் ஒருவன் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்து என் கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன்.

"ஆன்டி, போங்க லா! நாங்க பிளாக் பண்ணிட்டோம்."

"அது என்ன கலர்?"

"ஆன்டி, டைம் இல்ல ஆன்டி."

"கேக்கறேன்ல? என்ன கலர்?"

அவன் திரும்பிப் பார்த்தான். "மேரா" என்று மலாயில் முனகினான். பிறகு "சிவப்பு" என்றான்.

"அப்பப் போய் ஓரமா நில்லு."

குறுக்கு ரோட்டில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு மலாய்க்காரர் மோட்டாரில் காத்துக்கொண்டிருந்தார். பின்னால் மனைவி, நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண். பச்சை அவருக்கு. ஆனால் எங்கள் பையன்கள் இருவர் கையை விரித்து அவர் முன்னால் நின்றார்கள். நான் கையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி, போங்க என்று அவருக்குச் சைகை காட்டினேன். அவர் பையன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அசையாமல் நின்ற என் காரைப் பார்த்து நம்பிக்கை வந்திருக்க வேண்டும். மெதுவாக அவர்களைச் சுற்றிக்கொண்டு கடந்தார். பின்னால் மற்ற வண்டிகளும் வந்தன. மறிப்பதற்கு எதுவும் இல்லாமல் அந்த இரண்டு பேரும் ரோட்டின் நடுவில் கையை விரித்தபடி நின்றார்கள்.

அப்பா இறந்ததிலிருந்து நான் அழவில்லை. அந்தச் சிவப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கமா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பச்சை விழுந்ததும் கிளம்பினேன். சந்திப்பைத் தாண்டி, பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் வேன் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. ஐயா இல்லாமல் மின்சுடலைக்குப் போய் ஒன்றும் செய்ய முடியாது என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. வேட்டியோடு, மேலே சட்டை இல்லாமல், ரோட்டோரப் புல்லில் இறங்கி நின்றார். நான் காரை நிறுத்தி இறங்குவதற்குள் வந்துவிட்டார்.

"திருப்தியா? அப்பாவை நடுரோட்ல நிக்க வச்சிட்ட. திருப்திதானே உனக்கு?"

"நான் லைட்டுல நின்னேன். வேனை நிறுத்தினது நீங்க."

"ஐயா உன் கார்ல இருக்காரு!"

"ஏத்தினது யாரு?"

"எனக்கு எதாச்சும் ஆனா அதுக்கு நீதான் காரணம். எல்லாரும் கேட்டுக்குங்க, இவதான் காரணம்."

பின்னால் வந்த கார்களிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் என்மேல் வெறுப்பு. பத்தடி தள்ளி வேனுக்குள் அப்பா படுத்திருந்தார். அடக்கி அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கே வெடித்தது. நீங்க என்று பேசிக்கொண்டிருந்த வாய் தானாக நீ என்று மாறியது.

"என் பொண்ணு இதே எடத்துல காலு ஒடிஞ்சு கெடந்தா. பச்சையில வந்தவ. ஒரு கார் நின்னுச்சா? ஒருத்தன் கண்ணாடியை இறக்கிப் பாத்தானா? செத்த ஆளுக்காக, உயிரோட துடிச்சிக்கிட்டிருந்தவளைச் சுத்திக்கிட்டுப் போனானுங்க. அவனுங்ககிட்ட பேசி என்னை அடக்கினவன் நீ. அவனுங்கல்லாம் மனுஷங்களா? நீயே சொல்லு, மனுஷங்களா?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிறவர் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போய் வேனில் ஏறிக்கொண்டார். பெரிய அத்தை மட்டும் ஏதோ சொல்ல வந்தார். நான் பார்த்த பார்வையில் காருக்குள் போய்விட்டார்.

அடுத்த விளக்கில் எங்களுக்குச் சிவப்பு விழுந்தது. வேன் நின்றது. குறுக்கே போய் மறித்துவிட்டுத் திரும்பிப் பார்த்த மோட்டார்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வேனின் சன்னல் வழியாக அண்ணன் கையை நீட்டி, வழியை விடு என்று காட்டினார். வரிசை முழுதும் நின்றது. அதற்கு அடுத்த விளக்கிலும் அப்படியே. அப்பா ஒவ்வொரு சிவப்பிலும் நின்று, ஒவ்வொரு பச்சையிலும் கிளம்பி, ஒழுங்காக மின்சுடலைக்குப் போய்ச் சேர்ந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் சாவில் அப்படி ஒரு சந்தோஷம் பட்டதற்கு எனக்கு வெட்கமே இல்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு, அவளிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாயங்கால வெளிச்சம் போயிருக்கவில்லை. அவள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தன் கண்ணாடியை இறக்கிப் பாத்தானான்னு கேட்டேன் பாரு, ஒங்க மாமா மூஞ்சியை நீ பாத்திருக்கணும்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தைல பாட்டிலை மூடி வைத்தாள்.

"ஒருத்தர் எறக்கிப் பாத்தாரும்மா."

"யாரு?"

"மாமா."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். அடிபட்டு விழுந்ததில் ஹெல்மெட் கழன்று போய்விட்டது. கார்கள் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அதில் ஒன்று மெதுவாக வந்து பக்கத்தில் கிட்டத்தட்ட நின்றது. கண்ணாடி இறங்கியது. "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரும்மா. நான் மாமான்னு கூப்பிட்டேன். பின்னாடி ஒரு காரு ஹாரன் அடிச்சுச்சு. அவரு கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு."

அந்த வீட்டுச் சாவுக்கு அண்ணன் போயிருந்தாரா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் ஒரு சாவு விடாமல் போகிற மனுஷன். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

"நீ போன் பண்றதுக்கு முன்னாடியே மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாரே, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு யோசிச்சியாம்மா?"

அன்றைக்கு அவர் ஓடிவந்து நின்றதைப் பார்த்து, என்ன இருந்தாலும் உடன்பிறப்பு என்று நான் உருகியிருக்கிறேன்.

"நீ ஆஸ்பத்திரி பாரத்துல கையெழுத்துப் போடப் போன நேரத்துல என் கட்டில் பக்கத்துல நின்னு அழுதாரு. ஒங்கம்மாகிட்ட சொல்லிராத, சொன்னா அப்பறம் அவ எங்க வீட்டு வாசலை மிதிக்க மாட்டான்னாரு."

"மிதிப்பேனா? வெட்டிப் போட்டிருப்பேன்!"

"தெரியும்மா. அப்ப தாத்தாவை எப்படிப் பாத்திருப்ப?"

ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. அண்ணன் தட்டில் குழம்பை அவளே ஊற்றியிருக்கிறாள். நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காக, தன்னை ரோட்டில் விட்டுவிட்டுப் போனவரை வருஷக்கணக்காக மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்பத் தாத்தா இல்ல. இனிமே எனக்கு என்ன?" என்றாள். அப்போதுதான் அவள் குரலில் கோபத்தைக் கேட்டேன். என்னுடையதைவிடப் பெரிய கோபம் அது.

அப்போது என் கைப்பேசி அடித்தது, அழைத்தது அண்ணன். அது மேசைமேல் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நாளைக்குக் காலையில அஸ்தி எடுக்கணும். மூத்தவன் நான் போய் வாங்கிக்கிறேன். கடல்ல கரைக்க ஒங்கம்மாவை போர்ட் கிள்ளானுக்கு வரச் சொல்லிரு."

"மாமா, அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

மகள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். வெட்டுவேன் குத்துவேன் என்று சற்று முன் கத்தியவளுக்கு, கையில் வாங்கியதும் அதெல்லாம் தேவைப்படவில்லை.

"நாளைக்கு அப்பாவோட அஸ்தியை நானும் என் மகளும் போய் எடுக்கறோம். நாங்களே கரைச்சுக்கறோம். நீ வராத."

மூத்த மகன் என்ற பாத்தியதையை ஒரு தேங்காய் உடைப்பதில்கூட விட்டுக்கொடுக்காதவர் அவர். எதிர்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சரி" என்றார்.